பழைய சீருந்துகளின் மூலச் சாவிகளும் சாவியுறைகளும்

மூலச் சாவி என்பது, ஒரு சீருந்து (கார்) தொழிற்சாலையிலிருந்து வெளிவரும்போது அதன் பூட்டுகளுக்கென வெட்டப்பட்டு, முதல் உரிமையாளரிடம் வண்டியுடன் சேர்த்து ஒப்படைக்கப்பட்ட சாவியைக் குறிக்கும். பின்னாளில் கடைத்தெருவில் அதைப் பார்த்து வெட்டப்படுவது மாற்றுச் சாவி. பேச்சு வழக்கில் டூப்ளிகேட் சாவி. கள்ளச் சாவி என்ற சொல்லும் வழங்குகின்றது. எனினும் உரிமையாளர் தாமே கேட்டுச் செய்துகொண்ட சாவியை அப்பெயரால் அழைப்பது பொருத்தமன்று. சாவியின் தலைப்பகுதியையோ சாவி முழுவதையுமோ மூடும் தோல், ரப்பர் அல்லது நெகிழி உறை சாவியுறை ஆகும்.

ஒரு சாவி மூலச் சாவிதானா என்பதை அதன் தலையில் உள்ள நிறுவனச் சின்னத்தைக் கொண்டு முடிவு செய்யும் வழக்கம் பரவலாக உள்ளது. இது தவறானது. சின்னம் பொறித்த வெற்றுச் சாவிகளும் உறைகளும் இன்றும் விலைக்குக் கிடைக்கின்றன. மூலச் சாவியின் சிறப்பு இரண்டே: தொழிற்சாலை அளவில் வெட்டப்பட்ட பற்கள், அப்பற்களுக்கு உரிய எண்.

அமைப்பு

சாவியைத் தலை, தண்டு என இரு பகுதிகளாகப் பிரிக்கலாம். விரல்களால் பிடிக்கும் அகன்ற பகுதி தலை. பூட்டினுள் செல்லும் பகுதி தண்டு. தண்டின் பக்கவாட்டில் நீளவாக்கில் ஓடும் பள்ளங்கள், அச்சாவி எந்த வகைப் பூட்டினுள் நுழையலாம் என்பதை முடிவு செய்கின்றன. விளிம்பில் உள்ள வெட்டுகளே, அதாவது பற்களே, அது எந்தப் பூட்டைத் திறக்கும் என்பதை முடிவு செய்கின்றன.

வீட்டுக் கதவுகளில் பயன்படும் ஊசித் தடுப்புப் பூட்டை 1861இல் அமெரிக்கரான லைனசு யேல் (இளையவர்) காப்புரிமை பெற்று மேம்படுத்தினார். சீருந்துகளிலோ பெரும்பாலும் தகட்டுத் தடுப்புப் பூட்டுகளே இடம்பெற்றன. இதில் உருளை ஒன்றினுள் மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக அமைந்திருக்கும். ஒவ்வொரு தகட்டையும் ஒரு சிறு சுருள்வில் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். சரியான சாவி நுழைந்ததும் அதன் ஒவ்வொரு பல்லும் தனக்குரிய தகட்டை உருளையின் விளிம்புக்குச் சமமாக இழுத்து நிறுத்துகிறது. எல்லாத் தகடுகளும் சமமானால் மட்டுமே உருளை சுழலும். ஒரு தகடு அரை மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தாலும் சுழலாது. குறைந்தபட்சம், பூட்டு புதிதாக இருக்கும்போது சுழலாது.

சாவிகள் பொதுவாகப் பித்தளையாலோ நிக்கல் வெள்ளியாலோ செய்யப்பட்டன. நிக்கல் வெள்ளி என்பது செம்பு, துத்தநாகம், நிக்கல் ஆகியவற்றின் கலப்புலோகம். பெயரில் வெள்ளி இருந்தாலும் அதில் வெள்ளி இல்லை. இவ்வுலோகங்கள் துருப்பிடிப்பதில்லை. மலிவான மாற்றுச் சாவிகள் சில முலாம் பூசிய எஃகால் ஆனவை. முலாம் தேய்ந்ததும் துருவேறும். காந்தத்தைக் காட்டினால் ஒட்டிக்கொள்வது எஃகுச் சாவி என அறியலாம். ஆயினும் சில நிறுவனங்கள் தொழிற்சாலையிலேயே எஃகுச் சாவிகளைப் பயன்படுத்தியதால், காந்தச் சோதனையை மட்டும் நம்பி ஒரு சாவியைப் போலி என்று தள்ளிவிடலாகாது.

சாவி எண்

பற்களின் ஆழங்களைக் குறிக்கும் எண்ணே சாவி எண். இந்த எண்ணும் அதற்குரிய அட்டவணையும் இருந்தால், பழைய சாவியைக் கண்ணால் பாராமலேயே புதிய சாவியைத் தொழிற்சாலை அளவில் வெட்டிவிட முடியும். எனவே எண் என்பது ஒரு வகையில் சாவியேதான்.

இந்த எண்ணை எங்கே எழுதுவது என்பதில் நிறுவனங்கள் வெவ்வேறு வழிகளைக் கையாண்டன. 1950களின் பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் எண் சாவியில் மட்டுமன்றிப் பூட்டின் முகப்பிலேயே பொறிக்கப்பட்டிருந்தது. கண்ணாடி வழியாக எட்டிப் பார்ப்பவர் எவரும் அதைப் படித்துக்கொண்டு, உதிரிப்பாகக் கடையில் அந்த எண்ணுள்ள சாவியை வாங்கிவிட முடிந்தது! ஐக்கிய அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்சு நிறுவனம் சற்று முன்யோசனையுடன் நடந்துகொண்டது. அதன் சாவிகளின் தலையில் எண் பொறித்த சிறு உலோகத் துண்டு ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. உரிமையாளர் அதைத் தட்டி எடுத்துத் தனியே பாதுகாக்க வேண்டும். இன்று கிடைக்கும் பழைய அமெரிக்கச் சாவிகளின் தலையில் காணப்படும் சிறு துளை பெரும்பாலும் அத்துண்டு இருந்த இடமே. சப்பானிய நிறுவனங்கள் எண்ணைத் தனித் தகட்டில் பொறித்துச் சாவிக்கொத்துடன் கொடுத்தன. அத்தகட்டை வண்டிக்குள் வைக்கக்கூடாது என்று கையேடுகளில் எழுதப்பட்டிருந்தது. பல வீடுகளில் அந்தத் தகடு சாவி வளையத்திலேயே ஆண்டுக்கணக்கில் தொங்கி, சாவியுடன் சேர்ந்தே தொலைந்தும் போனது.

பிரித்தானியாவின் பர்மிங்காமில் இருந்த வில்மட் பிரீடன் நிறுவனம் அந்நாட்டுச் சீருந்து நிறுவனங்கள் பலவற்றுக்குப் பூட்டுகளை வழங்கியது. அதன் எஃப்.எஸ். வரிசை 876 முதல் 955 வரை செல்கின்றது; அதாவது மொத்தம் 80 சாவிகளே. வெவ்வேறு நிறுவனங்களின் வண்டிகள் இந்த எண்பதைத் தமக்குள் பகிர்ந்துகொண்டன. எஃப்.எஸ். பூட்டுள்ள 81 வண்டிகள் ஓரிடத்தில் நின்றால், குறைந்தது இரண்டு வண்டிகளுக்குச் சாவி ஒன்றாகவே இருக்கும் என்பது கணக்கு. பிறர் வண்டியைத் தம் வண்டியென நினைத்துத் திறந்து அமர்ந்தவர்களின் கதைகள் பழைய சீருந்து ஆர்வலர்களிடையே உலவுவதற்குக் காரணம் இதுவே.

வரலாறு

தொடக்ககாலச் சீருந்துகளில் சாவியைத் திருப்பினால் எரியூட்டும் மின்சுற்று (இக்னிஷன்) மட்டுமே இணைக்கப்பட்டது. இயந்திரத்தைச் சுழற்றி எழுப்புவதற்குக் கைச்சுழற்றியோ, தனியான இழுகுமிழோ, மிதியோ இருந்தது. சாவியைத் திருப்பியே இயந்திரத்தைக் கிளப்பும் முறையைக் கிரைசுலர் நிறுவனம் 1949இல் கொண்டுவந்தது.

ஒரே வண்டிக்கு இரண்டு சாவிகள் கொடுப்பதும் நெடுங்காலம் வழக்கில் இருந்தது. ஒன்று இயக்கத்துக்கு, மற்றொன்று கதவுக்கும் பின்பெட்டிக்கும். ஜெனரல் மோட்டார்சு 1967 மாதிரிகள் முதல் இயக்கச் சாவிக்குச் சதுரத் தலையும் கதவுச் சாவிக்கு நீள்வட்டத் தலையும் வைத்தது. இருட்டில் தடவிப் பார்த்தே எது எதுவெனக் கண்டுகொள்ள இது உதவியது. 1969 மாதிரிகளில் அதே நிறுவனம் இயக்கப் பூட்டைச் சுக்கானின் (ஸ்டீயரிங்கின்) தண்டுக்கு மாற்றி, சாவியை எடுத்தால் சுக்கானும் பூட்டிக்கொள்ளுமாறு அமைத்தது.

1990களில் சாவியின் தலைக்குள் மின்னணுச் சில்லு புகுந்தது. சில்லின் விடை சரியாக இல்லையெனில் இயந்திரம் கிளம்பாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 அக்டோபர் முதல் புதிய சீருந்துகளுக்கு இத்தகைய தடுப்பி கட்டாயமாயிற்று. இதுவும் உடைக்க முடியாததன்று. பரவலாகப் பயன்பட்ட ஒரு 40 பிட் சில்லின் மறையீட்டை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக, ஆர்.எஸ்.ஏ. ஆய்வக ஆய்வாளர்கள் 2005இல் உடைத்துக் காட்டினர். இக்கட்டுரையில் பழைய சீருந்து எனப்படுவது பெரும்பாலும் சில்லுக்கு முந்திய தலைமுறையே.

இந்தியச் சீருந்துகள்

இந்திய விடுதலைக்குப் பிந்திய நாற்பது ஆண்டுகளில் தமிழ்நாட்டுச் சாலைகளில் ஓடிய சீருந்து வகைகள் மிகச் சிலவே. இந்துசுத்தான் மோட்டார்சு நிறுவனத்தின் அம்பாசிடர், பிரித்தானியாவின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியின் மூன்றாம் வரிசையைத் தழுவியது. பிரீமியர் பத்மினி இத்தாலியின் பியட் 1100 வழி வந்தது. 1961 முதல் சென்னையில் தயாரிக்கப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு, டிரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவம். மூல வண்டிகளின் சாவி மரபுகளும் இவற்றோடு சேர்ந்தே வந்து, பின்னர் உள்நாட்டுப் பூட்டுகளுக்கு இடமளித்தன. இன்று இந்தியாவில் வாகனப் பூட்டுத் தொகுதிகளைத் தயாரிக்கும் பெரிய நிறுவனங்களுள் மிண்டா கார்ப்பரேசன் ஒன்று. பூட்டுக்குப் பெயர்பெற்று 2019இல் புவிசார் குறியீடும் பெற்ற திண்டுக்கல், தொங்கு பூட்டுகளின் ஊர். சீருந்துச் சாவிகளுக்கும் அதற்கும் தொடர்பு இருப்பதாகக் கருதுவது பிழை.

அம்பாசிடர் சாவி என்று பொதுப்பெயரால் கேட்டுக் கடையில் சாவி வாங்குவோர் ஏமாற்றமடைவது உண்டு. 1950களின் இறுதியில் தொடங்கி 2014 மே மாதம் உத்தர்பாராத் தொழிற்சாலை நிறுத்தப்படும்வரை தயாரிக்கப்பட்ட வண்டி அது. இந்த அரை நூற்றாண்டில் வெளித்தோற்றம் பெரிதும் மாறாதிருந்தாலும் உள்ளே பூட்டுகள் மாறின. ஆகவே வண்டியின் பெயரோடு ஆண்டையும், முடிந்தால் சாவி எண்ணையும் சொன்னால்தான் பொருந்தும் வெற்றுச் சாவி கிடைக்கும். பத்மினிக்கும் இது பொருந்தும்.

இந்தியச் சீருந்து வரலாற்றில் மிகவும் அறியப்பட்ட சாவி மாருதி 800 வண்டியினுடையது. 1983 டிசம்பர் 14 அன்று அப்போதைய தலைமை அமைச்சர் இந்திரா காந்தி முதல் வண்டியின் சாவியை, தில்லியைச் சேர்ந்த ஹர்பால் சிங்கிடம் வழங்கினார். சாவியைக் கையில் கொடுத்து நிழற்படம் எடுத்துக்கொள்வது பின்னர் விற்பனைக் கூடங்களில் சடங்காகவே ஆகிவிட்டது. சில கூடங்களில் ஆளுயர அட்டைச் சாவியும் உண்டு. மாருதி 800 தயாரிப்பு 2014 சனவரியில் முடிவுற்றது.

சாவியுறைகள்

பழைய சாவிகளின் தலை வெறும் உலோகத் தகடு. சட்டைப்பையில் கிடந்தால் துணியை அறுக்கும். வண்டி ஓடும்போது தொங்கும் கொத்து முகப்புப் பலகையில் உரசிக் கீறும். இதனாலேயே உறைகள் தோன்றின. தலையை மட்டும் மூடும் ரப்பர் உறை, சாவி முழுவதையும் மடித்துப் பொத்தானிடும் தோல் உறை, விற்பனையாளரின் பெயரும் ஊரும் அச்சிட்ட நெகிழி உறை ஆகியவை பரவலானவை. மூன்றாவது வகையே ஆவண மதிப்பு மிக்கது. வண்டி முதன்முதலில் எந்த ஊரில், யாரிடம் வாங்கப்பட்டது என்பதற்கு, பதிவுப் புத்தகத்துக்கு அடுத்தபடியாக அது சான்றாக இருக்கக்கூடும். மக்கிப்போன அத்தகைய உறையை எறிந்துவிட்டுச் சின்னம் பொறித்த புதுத் தோல் உறையை வாங்கிப் போடுவதை அழகுபடுத்தல் எனலாம். மீட்டெடுத்தல் என்று சொல்ல இயலாது.

உறையின் எடையும் கவனிக்கத்தக்கது. தோல் உறையோடு வீட்டுச் சாவி, அலமாரிச் சாவி, பெருமாள் உருவம் என எல்லாவற்றையும் ஒரே வளையத்தில் கோத்து இயக்கப் பூட்டில் தொங்கவிட்டால், வண்டி குலுங்கும் ஒவ்வொரு முறையும் அந்த எடை பூட்டின் தகடுகளைத் தேய்க்கும். தேய்ந்த பூட்டில் ஓடும் வண்டியிலேயே சாவி தானாகப் பின்னோக்கித் திரும்பிவிடும் ஆபத்து உண்டு.

தென்காசி, குற்றாலம் பகுதியில்

தென்காசி, 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. நகருக்கு அருகிலேயே குற்றாலம் உள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று உள்ளே நுழைவதால், ஜூன் முதல் செப்டம்பர் வரை இப்பகுதியில் சாரல் வீசும். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றால அருவி, புலியருவி ஆகியவற்றில் நீராட வருவோரின் வண்டிகள் இம்மாதங்களில் தெருக்களை நிறைக்கின்றன. செங்கோட்டை வழியாகக் கேரளத்திலிருந்து வருவனவும் மிகுதி.

அருவிக் குளியலில் சாவி ஒரு சிக்கலான பொருள். உடுத்தியிருக்கும் துண்டிலோ வேட்டியிலோ பை இல்லை. வண்டியில் ஓட்டுநர் ஒருவர் இருந்தால் கவலையில்லை. இல்லையெனில் யாராவது ஒருவர் குளிக்காமல் கரையில் நிற்க வேண்டும், அல்லது சாவி உடலோடு அருவிக்குள் செல்ல வேண்டும். இங்குப் பழைய உலோகச் சாவிக்கு ஒரு சிறப்பு உண்டு: நீரால் அதற்குக் கேடு இல்லை. உறையைக் கழற்றிவிட்டு அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொள்ளலாம். தொலை இயக்கிச் சாவியின் நிலை வேறு. அதனுள் இருக்கும் தடுப்பிச் சில்லு கண்ணாடிக் குமிழில் அடைக்கப்பட்டதாயின் நனைந்தாலும் தப்பிவிடும். மின்கலமும் சுற்றுப்பலகையும் அரித்துவிடும். சிலிக்கோன் உறை போட்டிருப்பதால் நீர் புகாது என நம்புவது தவறு. தண்டு வெளியே வருவதற்கும் வளையம் மாட்டுவதற்கும் உறையில் திறப்புகள் உள்ளன. உண்மையில் அது நீரை உள்ளே தேக்கி வைத்துக்கொள்ளும்.

அருவிக்குச் செல்லும்முன் எண்ணெய் தேய்த்துக்கொள்வது குற்றாலத்தின் வழக்கம். எண்ணெய்க் கையால் சாவியைப் பிடித்துப் பூட்டில் நுழைத்தால், பள்ளங்களில் ஒட்டிய எண்ணெய் உள்ளே சென்று தூசியுடன் சேர்ந்து பிசினாகிறது. தகடுகளின் சுருள்விற்கள் மிக மெல்லியவை. பிசின் படிந்தால் தகடுகள் வெளியே வராமல் உள்ளேயே நின்றுவிடும். பூட்டு இறுகினால் தேங்காய் எண்ணெய் விடும் கைவைத்தியமும் இதே விளைவைத்தான் தரும். உலர்ந்த கிராபைட்டுத் தூள் இடுவதே தகுந்த முறை. ஆயுத பூசை நாளில் சாவிக்கு வைக்கும் சந்தனமும் பள்ளங்களில் காய்ந்து கெட்டியாகிப் பூட்டுக்குள் செல்லும். தலையில் மட்டும் பொட்டு வைத்தால் பூசைக்கும் குறைவில்லை, பூட்டுக்கும் கேடில்லை.

சாரல் காலத்தில் தோல் உறைகள் பூஞ்சை பிடிக்கும். பித்தளைப் பொத்தான் உள்ள தோல் உறையில், தோலின் கொழுப்பும் செம்பும் வினைபுரிந்து பச்சை நிற மெழுகு போன்ற படிவு உண்டாகும். அது சாவியிலும் ஒட்டும். உலர்ந்த துணியால் துடைத்தெடுத்து, உறையை வெயிலில் போடாமல் நிழலில் காற்றாட வைப்பது நல்லது.

படியெடுத்தலும் தேய்மானமும்

சாவிக்காரரின் இயந்திரத்தில் ஒருபுறம் பழைய சாவியும் மறுபுறம் வெற்றுச் சாவியும் பொருத்தப்படும். பழைய சாவியின் விளிம்பில் ஓடும் முனையைப் பின்பற்றி வெட்டுச் சக்கரம் மறுபுறம் வெட்டும். இயந்திரம் காண்பது பழைய சாவியின் இன்றைய வடிவத்தையே. தொழிற்சாலையில் வெட்டிய வடிவத்தை அன்று. முப்பது ஆண்டுத் தேய்மானமும் அப்படியே புதிய சாவியில் ஏறிவிடும். அதைப் பார்த்து அடுத்த சாவி, அதைப் பார்த்து மற்றொன்று என்று செல்லும்போது பிழை கூடிக்கொண்டே போகும். நான்காம் தலைமுறைச் சாவி ஆட்டி ஆட்டித் திருப்பினால்தான் திரும்பும். பலர் இதைப் பூட்டின் கோளாறு எனக் கருதிப் பூட்டையே மாற்றிவிடுகின்றனர். அத்துடன் கதவுக்கு ஒன்றும் இயக்கத்துக்கு ஒன்றுமாக வண்டியின் சாவிப் பொருத்தமும் போய்விடும்.

எண் கிடைத்தால் இந்தச் சங்கிலியை அறுக்கலாம். எண்ணைக் கொண்டு வெட்டிய சாவி தொழிற்சாலை அளவுக்குத் திரும்புகிறது. பூட்டின் தகடுகளும் மிகத் தேய்ந்திருந்தால் சரியான சாவியும் சற்றுத் தடுமாறக்கூடும். அப்போது தகடுகளை மாற்ற வேண்டும், சாவியை அராவக்கூடாது. சாவியும் இல்லை, எண்ணும் இல்லை என்றால், கதவுப் பூட்டைக் கழற்றித் தகடுகளின் உயரத்தை அளந்து சாவி செய்யலாம். பூட்டைக் கழற்றாமல் செய்யும் முறையும் உண்டு. வெற்றுச் சாவியை நுழைத்து அழுத்தித் திருப்பினால் தகடுகள் அதன் விளிம்பில் நுண்ணிய தடங்களைப் பதிக்கும். அத்தடங்கள் மறையும்வரை அரத்தால் சிறிது சிறிதாக அராவிக்கொண்டே போவர். சாலையோரச் சாவிக்காரர்கள் கைவிளக்கும் ஓர் அரமும் கொண்டு செய்யும் இவ்வேலை, இயந்திரத்தில் படியெடுப்பதைக் காட்டிலும் பல மடங்கு திறன் வேண்டுவது.

காப்புறுதியும் சட்டமும்

வண்டி திருட்டுப் போனால் காப்புறுதி நிறுவனங்கள் மூலச் சாவிகள் அனைத்தையும் ஒப்படைக்குமாறு கேட்பது நடைமுறையாக உள்ளது. ஒரு சாவி குறைந்தால், வண்டியில் சாவியை விட்டுச் சென்ற கவனக்குறைவா என்ற கேள்வி எழும். இழப்பீடு தாமதமாகவோ மறுக்கப்படவோ கூடும். இதற்கான வித்து பெரும்பாலும் பல ஆண்டுகளுக்கு முன், வண்டி கைமாறிய நாளிலேயே விழுந்துவிடுகிறது. உரிமை மாற்றத்துக்கான 29, 30ஆம் படிவங்களில் சாவிக்கென இடமில்லை. வாங்குவோர் இயந்திரத்தையும் சக்கரங்களையும் பார்க்கின்றனர். சாவி எத்தனை, எண் தகடு எங்கே என்று கேட்போர் குறைவு. விற்பனைச் சீட்டில் ஒப்படைத்த சாவிகளின் எண்ணிக்கையை ஒரு வரியில் எழுதிக் கையொப்பம் பெறுவது பின்னாளில் பயன்படும். சாவி தொலைந்தால் காவல் நிலையத்திலும் காப்புறுதி நிறுவனத்திலும் அப்போதே எழுத்தில் தெரிவித்துச் சான்று வைத்துக்கொள்ள வேண்டும்.

ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகளாகப் பதிவு செய்வதற்கான விதிகளை நடுவண் அரசு 2021 ஜூலையில் அறிவித்தது. இவற்றின் பதிவெண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் இடம்பெறும். புதிய பதிவுக்கட்டணம் 20,000 உரூபாய். பதிவு 10 ஆண்டுகள் செல்லும். அடிச்சட்டம், உடற்கூடு, இயந்திரம் ஆகியன பெருமளவில் மாற்றப்படாதிருத்தல் வேண்டும் என்பது விதி. சாவியும் பூட்டும் விதியில் குறிப்பிடப்படவில்லை. ஆகவே மூலச் சாவி இல்லாத வண்டியும் பதிவு பெறலாம். சேகரிப்போர் தரும் விலையில் மட்டும் வேறுபாடு தெரியும்.